டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பில் கசிவு: கண்டுபிடிப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

மன்னார்குடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பகுதி. அதற்குப் போகும் ஆயில் பைப் கசிகிறது என்று இரண்டு வகை வண்டிகள் வரும். ஒன்று, முதல் தடவையாகக் கசியும் வண்டி. இன்னொன்று, ஏற்கெனவே ஒருவர் கை வைத்து, மறுபடியும் கசியும் வண்டி. முதல் வகை அரை நாளில் முடிந்துவிடும். டர்போவையே மாற்றும் அளவுக்குச் செலவு இழுப்பதெல்லாம் இரண்டாவது வகைதான்.

இந்த வேலையில் கை பலமோ பெரிய கருவியோ தேவையில்லை. எதற்கு அப்புறம் எது என்ற வரிசை தவறினால்தான் கெடும். அதனால் கீழே உள்ளதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

1. எந்த பைப்பைப் பற்றிப் பேசுகிறோம்

டர்போவின் நடுப்பகுதிக்கு மேலே ஒரு மெல்லிய இரும்பு பைப் வந்து சேரும். எஞ்சின் ப்ளாக்கிலிருந்தோ ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கிலிருந்தோ அழுத்தத்தோடு ஆயிலைக் கொண்டுவருவது அதுதான். சப்ளை பைப் என்றும் ஃபீட் பைப் என்றும் சொல்வோம். டர்போவுக்கு அடியிலிருந்து தடிமனான இன்னொரு பைப் கீழே இறங்கும். அது ரிட்டர்ன். அதில் அழுத்தம் கிடையாது, ஆயில் தன் எடையிலேயே சம்ப்புக்கு, அதாவது எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குத் திரும்பும்.

டர்போவுக்குள் இருக்கும் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது அந்த மெல்லிய பைப்பில் வரும் ஆயில் படலம். சில நொடி ஆயில் நின்றாலே பேரிங் கீறிவிடும். ஆகவே கசிவை அடைப்பதோடு வேலை முடியாது. ஆயில் தடையில்லாமல், சுத்தமாக உள்ளே போகவும் வேண்டும். பழகாதவர்கள் முதல் பாதியை மட்டும் பார்க்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே அந்தப் பைப் ஓடுகிறது. நம் பக்கம் அறுப்பு நேரத்தில் ரோட்டில் வைக்கோல் பரப்பிக் கிடக்கும். அதன் மேல் ஏறி ஓட்டினால் வைக்கோல் அடியில் சைலன்சரைச் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சர், காய்ந்த வைக்கோல், மேலே சொட்டும் ஆயில் மூன்றும் சேர்ந்தால் வண்டி தீப்பிடிக்கும். குறுவை அறுப்பிலோ தை மாதத்திலோ டர்போ பக்கம் ஆயில் வாடை வந்தால், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

2. கழற்றும் முன்பே கையில் இருக்க வேண்டியவை

காப்பர் வாஷர் புதுசு. இதுதான் முதலில். பேன்ஜோ போல்ட் என்பது உள்ளே ஆயில் போகத் துளையுள்ள போல்ட், பைப் முனையில் உள்ள வளையத்தை, அதாவது பைப் கண்ணை, அது பிடித்துவைக்கும். அந்த போல்ட் உள்ள ஒவ்வொரு முனைக்கும் இரண்டு வாஷர்: போல்ட் தலைக்கும் பைப் கண்ணுக்கும் நடுவில் ஒன்று, பைப் கண்ணுக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒன்று. இரண்டு முனைக்கு நான்கு. எட்டாக வாங்குங்கள், ஒன்று கீழே விழுந்து காணாமல் போவது சாதாரணம். உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்கினால் அளவு தவறாது. சில வண்டிகளில் அலுமினிய வாஷர் வரும். எது வந்ததோ அதையே போடுங்கள்.

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ கிடைக்காவிட்டால் திருச்சியிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒரு நாள் ஆகும். வாஷர் வந்து சேர்ந்த பிறகே போல்ட்டில் கை வையுங்கள். கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த ஒரு நாளில்தான், "இருக்கிறதையே போட்டுப் பார்ப்போம்" என்ற எண்ணம் வரும்.

பைப்பும் ஒன்று சொல்லி வையுங்கள். மாருதி டீசல் கார் விற்பனையை 2020 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆக, இங்கே டாக்ஸியாக ஓடும் டீசல் டிசையர், ஸ்விஃப்ட் எதுவும் இப்போது புது வண்டி இல்லை. அந்த வயதில் பைப்பே அரித்திருக்க வாய்ப்பு அதிகம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஓடும் வண்டி என்றால் நிச்சயம் சொல்லி வையுங்கள்.

டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வேண்டும், சின்னது. சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் பெரும்பாலும் 40 நியூட்டன் மீட்டரிலிருந்துதான் தொடங்கும். பேன்ஜோ போல்ட்டுக்குத் தேவைப்படுவது அனேகமாக 15 முதல் 30-க்குள். உங்கள் வண்டியின் சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை எல்லோரிடமும் இருப்பவை: ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், நல்ல டார்ச், சின்னக் கண்ணாடி, டிகிரீசர், துரு இளக்கும் ஸ்ப்ரே, வண்டிக்குரிய கிரேடில் ஒரு லிட்டர் புது ஆயில், சின்ன சிரிஞ்ச், பழைய ஆயில் பிடிக்கத் தட்டு, நூல் பிரியாத பழைய வேட்டித் துணி. பனியன் வேஸ்ட்டை வெளியே துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ ஓட்டைப் பக்கம் அது வரவே கூடாது. தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு வாளி மணல். ஆயில் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும்.

3. ஆறவிட்டு, கழுவி, காயவிடுதல்

எஞ்சின் முழுக்க ஆற வேண்டும். கையை மேனிஃபோல்டில் வைத்தால் சுடக்கூடாது. முதல் நாள் இரவே வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. தோல் பொசுங்கும் என்பது ஒரு காரணம். சூட்டில் விரிந்திருக்கும் மரையைத் திருகினால் அது பிய்ந்துவிடும் என்பது இன்னொன்று.

சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டு, சரியான அளவுக்கு ஊற்றுங்கள்.

அப்புறம் டர்போவைச் சுற்றி டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ஆல்டர்னேட்டர், வயர் கனெக்டர்களைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுச் செய்யுங்கள். பெட்ரோலால் கழுவ வேண்டாம். கழுவிய ஆயில் தண்ணீரைத் தட்டில் பிடித்து, பழைய ஆயில் கேனில் ஊற்றி வையுங்கள். பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் தள்ளிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் அடுத்த மதகு தாண்டி யாரோ ஒருவருடைய நாற்றங்காலுக்குப் போகிறது.

4. கசிவு எங்கே தொடங்குகிறது

இந்தக் கட்டத்துக்கு நேரம் கொடுங்கள். டர்போ நனைந்திருக்கிறது என்றால் சப்ளை பைப்தான் கசிகிறது என்று அர்த்தமில்லை. ஆயில் கீழ்நோக்கி ஓடும், வண்டி ஓடும்போது காற்றில் பின்நோக்கியும் தெறிக்கும். சொட்டும் இடத்துக்கும் தொடங்கும் இடத்துக்கும் ஒரு முழம் வித்தியாசம் இருக்கலாம்.

கழுவிக் காய்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். டார்ச்சும் கண்ணாடியும் வைத்து மேலிருந்து கீழே பார்த்து வாருங்கள். நனைந்திருக்கும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் நீங்கள் தேடுவது. விரலை விட்டுத் தடவிப் பார்க்காதீர்கள், துணியும் தொங்கக்கூடாது. பக்கத்திலேயே பெல்ட் சுற்றுகிறது.

ஐடிலில் ஒன்றும் தெரியவில்லையா? எஞ்சினை நிறுத்தி, ஆறிய பிறகு சந்தேகப்படும் இடத்தில் முகப் பவுடரை லேசாகத் தூவிவிட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். கசியும் இடத்தில் பவுடர் கறுத்து, ஒரு கோடு இழுத்திருக்கும். சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டும் கசியும் வெடிப்புகள் இதில் மாட்டும்.

எதை எதோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்றால்: டேப்பெட் கவர் பேக்கிங் கசிந்து, ஆயில் வழிந்து டர்போ மேல் விழுவது உண்டு. மேலே நனைந்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். டர்போவிலிருந்து, காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் மூட்டில் லேசான ஆயில் ஈரம் இருப்பது பெரும்பாலும் சகஜம், எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் ப்ரீதரிலிருந்து வரும் ஆயில் ஆவி அது. டர்போவுக்கு அடியில் மட்டும் நனைந்திருந்தால் ரிட்டர்ன் பைப் பேக்கிங்கைச் சந்தேகப்படுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால், ஆயில் டர்போ சீலைத் தாண்டி உள்ளே போகிறதா, ரிட்டர்னோ ப்ரீதரோ அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சப்ளை பைப் வெளியே கசிவதால் நீலப் புகை சைலன்சர் வழியாக வராது. மேனிஃபோல்டில் பட்டுப் பொசுங்கி, பானட் இடுக்கில்தான் புகை வரும்.

சப்ளை பைப்தான் என்று உறுதியானால், மூன்றில் எது என்று பாருங்கள்: முனையில் வாஷரா, பைப் கண்ணும் குழாயும் சேரும் பற்றவைப்பில் வெடிப்பா, நடுவில் கிளாம்ப் இல்லாமல் எதிலாவது உரசித் தேய்ந்த ஓட்டையா. பின்னிரண்டில் எதுவானாலும் பைப் மாற்ற வேண்டியதுதான்.

5. கழற்றுதல்

"அண்ணே, போல்ட்டை ஒரு கால் சுற்று இறுக்கிவிட்டால் நிற்காதா?" என்று எல்லாரும் கேட்பார்கள். ஒருமுறை நசுங்கிய காப்பர் வாஷர் இறுகிப்போயிருக்கும், திரும்ப நசுங்காது. பேன்ஜோ போல்ட் நடுவில் துளையுள்ளது, பக்கத்திலும் ஓட்டை இருக்கும். இறுக்க இறுக்க அந்த ஓட்டை இருக்கும் இடத்தில் முறிந்து, பாதி மரை டர்போவுக்குள் நின்றுவிடும். இறுக்கிப் பார்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கசிவு பார்க்க ஓட்டிய எஞ்சின் மறுபடி முழுக்க ஆறிய பிறகு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹீட் ஷீல்டு, அதாவது சூடு தடுக்கும் தகட்டின் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் காத்திருங்கள். வராவிட்டால் கொஞ்சம் இறுக்கும் பக்கமாக அசைத்து, அப்புறம் தளர்த்துங்கள். இறுக்கமாகவே திருகிக்கொண்டு போனால் ஒடிந்துவிடும்.

ஷீல்டு வெளியே வந்ததும் பைப் இரண்டு முனையையும் மறுபடி பிரஷ்ஷால் துடையுங்கள். போல்ட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண், திறந்தவுடன் உள்ளே விழும். பக்கத்துக் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வெட்டவெளியில் இந்த வேலை வேண்டாம். பதரும் சுணையும் காற்றில் வந்து எங்கேயும் உட்காரும்.

முதலில் நடுக் கிளாம்ப், அப்புறம் டர்போ முனை, கடைசியில் எஞ்சின் முனை. பேன்ஜோ இல்லாமல் நட் வைத்த முனை என்றால் இரண்டு ஸ்பேனர் போடுங்கள்: ஒன்று அடியில் உள்ள அடாப்டரைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. ஒரே ஸ்பேனரில் திருகினால் பைப் முறுக்கிக்கொள்ளும்.

பைப் வந்தவுடன் டர்போ ஓட்டையைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியாலோ டேப்பாலோ மூடுங்கள். துணியைத் திணிக்காதீர்கள்.

இப்போது டார்ச் அடித்து, டர்போ முகத்தை, அதாவது வாஷர் உட்காரும் இடத்தைப் பாருங்கள். பழைய வாஷர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கறுத்துப்போய், டர்போவின் உடம்பு மாதிரியே தெரியும். வேலை கற்க வரும் பையன்கள் அநேகமாக எல்லோரும் இதில் ஒருமுறை விழுவார்கள். பழையதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கிவிட்டு, "புது வாஷர் போட்டும் கசியுதுண்ணே" என்று வருவார்கள். நகத்தால் ஓரத்தைத் தடவினால் ஒரு விளிம்பு தட்டுப்படும். மெல்ல நெம்பி எடுங்கள். எடுத்த வாஷர்களை எண்ணுங்கள்: நான்கு வந்தால்தான் சரி.

6. பைப்பையும் போல்ட்டையும் பார்த்தல்

போல்ட்டுக்குள் பாருங்கள். சில வண்டிகளில் உள்ளே சின்ன சல்லடை இருக்கும், அது அடைத்திருந்தால் டர்போ பட்டினி கிடக்கும். பைப்பின் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள், காற்று ஊதிப் பாருங்கள். கறுப்பாக, கரி மாதிரி பொருபொருவென்று ஒட்டியிருந்தால் அது சூட்டில் கருகிய ஆயில். கம்பி விட்டுக் குடையத் தோன்றும். வேண்டாம், உதிரும் கரி முழுக்க வெளியே வந்ததா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. புது பைப் போடுங்கள்.

வெடித்த பைப்பை கேஸ் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பற்றவைப்பின் செதில் உள்பக்கம் நிற்கும், என்றைக்கோ ஒருநாள் அது உதிரும். டிராக்டர் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் கடையில் ரப்பர் ஹோஸ் செய்து மாட்டுவதும் நடக்கிறது. அழுத்தத்தை அது தாங்கும். ஆனால் சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் செய்யப்பட்டது. டர்போ பக்கத்துச் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். சில மாதத்தில் உள் ரப்பர் செதில்செதிலாகக் கழன்று பேரிங்குக்குப் போகும். கம்பெனி பைப் கிடைக்கவே இல்லை என்றால், உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே ஸ்டீல் பின்னலும் உள்ள ஹோஸ் மட்டும் பரவாயில்லை.

டர்போ இன்டேக் ஹோஸைக் கழற்றி, ஷாஃப்ட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம், ஆயில் படலத்துக்கான இடம் அது. ஆனால் இறக்கை சுவரில் உரசக்கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கையில் தெரியவே கூடாது. தெரிந்தால் டர்போ ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. பைப் மாற்றுவதற்கு முன் வண்டிக்காரரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

7. சிலிகான் பற்றி

இதைத் தனியாகவே சொல்கிறேன். ஒரு டாக்ஸி வந்தது. வேறொரு பட்டறையில் கசிவுக்கு வாஷர் மாற்றியிருந்தார்கள், கூடவே பாதுகாப்புக்கு என்று சிவப்பு சிலிகான் தடவியிருந்தார்கள். கசிவு நின்றிருந்தது. மூன்றாம் நாள் டர்போ ஊளையிட ஆரம்பித்துவிட்டது. போல்ட்டைக் கழற்றினால், பக்கவாட்டு ஓட்டையில் நெல்மணி அளவுக்கு ஒரு சிவப்புத் துண்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். அந்த ஒரு நெல்மணி அளவுத் துண்டால் டர்போவே போனது. அந்த டிரைவர் மாதத் தவணை கட்டி ஓட்டும் வண்டி அது.

இறுக்கும்போது சிலிகான் வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது தெரியாது. டெஃப்லான் டேப்பும் அப்படியே. காப்பர் வாஷருக்கு எதுவும் தேவையில்லை, ஒரு சொட்டு ஆயில் போதும்.

8. ஆயில் வருகிறதா என்று பார்த்தல்

இதை அநேகம் பேர் செய்வதே இல்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி டீசலை நிறுத்துங்கள். இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்குவதா, ஃப்யூஸ் எடுப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். கனெக்டரைப் பிடுங்கினால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியலாம், பின்னால் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம்.

எஞ்சின் முனையில் மட்டும் பைப்பைப் பழைய வாஷரோடு மாட்டி, டர்போ முனைக்கு அடியில் வெட்டிய தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். டர்போ ஓட்டை மூடியே இருக்கட்டும். பேட்டரியை மாட்டி, ஒருவரைப் பத்து நொடி ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். ஆயில் பாட்டிலில் விழ வேண்டும். வராவிட்டால் அரை நிமிடம் விட்டு இன்னொரு பத்து நொடி. அப்போதும் வரவில்லை என்றால் அடைப்பு எஞ்சின் பக்கம் இருக்கிறது, அதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள். வந்துவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய வாஷர்களைத் தூக்கிப் போடுங்கள். டீசல் நிறுத்தியது அப்படியே இருக்கட்டும்.

9. மாட்டுதல்

டர்போ முகத்தைத் துணியால் துடையுங்கள். கீறல் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் உள்ளே போகும். மூடியை எடுத்து, ஆயில் ஓட்டைக்குள் சிரிஞ்சால் புது ஆயில் சில மில்லி விடுங்கள். இன்டேக் பக்கம் ஷாஃப்ட்டை விரலால் சுற்றிக்கொண்டே இன்னும் கொஞ்சம் விடுங்கள். முதல் சில நொடிக்கு பேரிங்குக்கு இதுதான் துணை.

இரண்டு முனை போல்ட்டையும் கிளாம்ப்பையும் கையால் மட்டும் போட்டு வாருங்கள். எல்லாம் மரையில் நன்றாகப் பிடித்த பிறகுதான் ஸ்பேனர். ஒரு முனையை முழுக்க இறுக்கிவிட்டு மறு முனையை இழுத்துப் பொருத்தினால், பைப் எப்போதும் விறைப்பிலேயே இருக்கும். அந்த விறைப்போடு எஞ்சின் அதிர்வும் சேர்ந்து, பற்றவைத்த இடத்தில் வெடிக்கும். டார்க் ரெஞ்சில் டர்போ முனை, எஞ்சின் முனை, கடைசியில் கிளாம்ப். கிளாம்ப்பை விட்டுவிடாதீர்கள். ஆற்றங்கரை ரோட்டுக் குலுக்கலில் பைப்பைக் காப்பாற்றுவது அதுதான்.

ஆயிலில் ஊறிய சூட்டுத்தடுப்புத் துணி ஏதாவது பைப்பிலோ ஷீல்டிலோ சுற்றியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். அது திரி மாதிரி வேலை செய்யும். இன்டேக் ஹோஸையும் திரும்ப மாட்டிவிடுங்கள்.

10. முதல் ஸ்டார்ட்

பேட்டரியை மாட்டி, டீசல் நின்ற நிலையிலேயே பத்துப் பத்து நொடியாக, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டர் அடியுங்கள். விளக்கு அணைந்த பிறகு கனெக்டர்களை மாட்டி எஞ்சினை எழுப்புங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். மூன்று நிமிடம் ஐடில், கண் முழுக்க பைப் முனையில்.

கொஞ்சம் புகை வரும். மேனிஃபோல்டில் மிச்சமிருந்த ஆயிலும் டிகிரீசரும் எரிகிறது, பத்து நிமிடத்தில் குறைய வேண்டும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். கசிவு தெரிந்தால் எஞ்சின் ஓடும்போது ஸ்பேனர் வைக்காதீர்கள். நிறுத்தி, ஆறவிட்டு, வாஷர் எண்ணிக்கையிலிருந்து மறுபடி பாருங்கள்.

நனைவு இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு ஷீல்டைப் போடுங்கள். டிப்ஸ்டிக் பார்த்து ஆயிலைச் சரி செய்து, இருபது கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். கொஞ்ச தூரமாவது டர்போ நன்றாகச் சுழலும் வேகத்தில் போக வேண்டும். திரும்பி வந்ததும் உடனே சாவியை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான டர்போவில் நின்றுபோகும் ஆயில்தான் பைப்புக்குள் கரியாகிறது. டாக்ஸிக்காரர்களுக்கு இதை வாயால் சொல்லி அனுப்புங்கள்.

மறுநாள் காலையில் ஆறிய எஞ்சினில் டார்ச் அடித்துப் பாருங்கள், 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை டிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் பாருங்கள். அறுப்புக் காலமாக இருந்தால் அந்த இரண்டு தடவையும் வண்டிக்கு அடியில் குனிந்து, சைலன்சரில் சுற்றிய வைக்கோலையும் பிடுங்கிவிடுங்கள்.